பட்டறையில் பிறந்த பட்டப்பெயர்கள்

சனிக்கிழமை இரவானால் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சியை விட்டு நகரமாட்டார்கள். இங்கிலாந்துக் காற்பந்து ஆட்டம்! “கன்னர்ஸ் கோல் போட்டுவிட்டது”, “ஹேமர்ஸ் இன்றைக்குத் தொலைந்தது” என்று கூச்சல் காதைத் துளைக்கும். “இதெல்லாம் என்னடா பெயர்?” என்று சமையற்கட்டிலிருந்து நீங்கள் கேட்டிருப்பீர்கள். பிள்ளைகளுக்கும் விடை தெரிந்திருக்காது. பெயர் வாயில் வரும். பெயர் வந்த வழி தெரியாது. வேலைக்காட்டிலும் ஆலையிலும் உழைத்துப் பழகிய குடும்பங்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது என்பதால் சொல்கிறோம், கேளுங்கள்.

முதலில் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி. இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளிக்கு முன்பெல்லாம் வாரத்தில் ஞாயிறு ஒன்றே ஓய்வு. அன்றைக்குத் தேவாலயம் போக வேண்டும். பந்து உதைத்தால் ஊர் திட்டும். 1850ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. துணி ஆலைகளில் பெண்களையும் இளையோரையும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குமேல் வேலை வாங்கக்கூடாது என்றது அது. அவர்கள் போய்விட்டால் ஆண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆலையை எப்படி ஓட்டுவது? மெல்ல மெல்ல அரைநாள் விடுமுறை மற்றத் தொழில்களுக்கும் பரவியது. வேலை முடிந்து, கை கால் கழுவி, ஒரு வாய் சாப்பிட்டுத் திடலுக்கு நடந்தால் மணி மூன்று. இங்கிலாந்தில் ஆட்டம் தொடங்கும் வழக்கமான நேரம் சனிக்கிழமை 3 மணி என்று ஆனது இப்படித்தான். இப்போது தொலைக்காட்சிக்காகப் பல ஆட்டங்களை வேறு நேரங்களுக்கு மாற்றிவிட்டார்கள். என்றாலும் அந்த 3 மணி நம் கடிகாரத்தில் இரவு 10 அல்லது 11. உங்கள் பிள்ளை தூக்கம் கெட்டு விழித்திருப்பதற்கு அந்தப் பழைய ஆலைச் சட்டமும் ஒரு காரணம்!

ஷெஃபீல்ட் நகரத்தில் ஒரு குழுவுக்குப் பெயரே ‘புதன்கிழமை’. 1820இல் கிரிக்கெட் சங்கமாகத் தொடங்கியவர்கள், தங்களுக்கு அரைநாள் ஓய்வு கிடைத்த புதனன்று விளையாடினார்கள். 1867இல் காற்பந்துக்கும் வந்தார்கள். ஓய்வு கிடைத்த கிழமையே பெயராக நிலைத்து, இன்றும் அது ஷெஃபீல்ட் வென்ஸ்டே. அதே ஊரின் இன்னொரு குழுவான ஷெஃபீல்ட் யுனைடெட்டைப் ‘பிளேட்ஸ்’, அதாவது கத்தி அலகுகள், என்பார்கள். ஷெஃபீல்ட் என்று முத்திரை குத்திய கத்தி, கரண்டிகளை நீங்களும் பார்த்திருக்கலாம்.

இனி, ‘கன்னர்ஸ்’. ஆர்சனல் என்றால் ஆயுதச்சாலை. கன்னர்ஸ் என்றால் பீரங்கிக்காரர்கள். லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் வுல்விச் என்ற இடத்தில் அரசாங்கத்தின் பெரிய ஆயுதச்சாலை இருந்தது. அங்கே ‘டயல் ஸ்குவேர்’ என்றொரு பட்டறை. வாசலில் சூரிய கடிகாரம் இருந்ததால் அந்தப் பெயர். 1886இல் அந்தப் பட்டறையைச் சேர்ந்தவர்கள் ஒரு குழு அமைத்தார்கள். 15 பேர் ஆளுக்கு 6 பென்ஸ் போட்டார்கள். டேவிட் டான்ஸ்கின் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தம் பையிலிருந்து இன்னும் 3 ஷில்லிங் சேர்த்தார். வாங்கியது ஒரே ஒரு பந்து. முதல் ஆட்டம் அவ்வாண்டு டிசம்பர் 11ஆம் தேதி. ஒரு பக்கம் சாக்கடை ஓடும் திடலில் நடந்தது. ஆறு கோல் போட்டு ஜெயித்தார்கள். சட்டைக்குப் பணமில்லை. அவர்களில் சிலர் முன்பு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் குழுவில் ஆடியவர்கள். அங்கே கடிதம் எழுதிக் கேட்க, சிவப்புச் சட்டைகள் வந்து சேர்ந்தன. இன்று உலகமெங்கும் விற்கும் அந்தச் சிவப்பு, இரவல் சிவப்பு! 1913இல் குழு ஆற்றைக் கடந்து வடலண்டனுக்குப் போய்விட்டது. வுல்விச்சில் ஆயுத உற்பத்தியும் 1967இல் நின்றது. பீரங்கிச் சின்னம் மட்டும் சட்டையில் இருக்கிறது.

ஹேமர்ஸ் எனப்படும் வெஸ்ட் ஹேம் குழுவின் கதை இன்னும் சுவையானது. தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் என்ற கப்பல் கட்டும் கம்பெனியின் தொழிலாளர்களுக்காக 1895இல் தொடங்கப்பட்ட குழு அது. 1900இல் பெயர் மாறியது. சின்னத்தில் குறுக்காக இருக்கும் இரண்டு சுத்தியல்களும், கப்பலின் இரும்புத் தகடுகளை ஆணியடித்து இணைக்கும் சுத்தியல்கள். ஆகவே ஹேமர்ஸ் என்ற பெயரை ஹேம் என்ற ஊர்ப் பெயரிலிருந்து வந்ததாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். ரசிகர்கள் ‘அயர்ன்ஸ்’, அதாவது இரும்புகள், என்றும் கூவுவார்கள்.

அந்தக் கம்பெனியின் முதலாளி ஆர்னால்டு ஹில்ஸ். மதுவைத் தொடாதவர், புலால் உண்ணாதவர். லண்டன் சைவ உணவாளர் சங்கத்துக்குத் தலைவரும் அவரே. அந்தச் சங்கத்தின் செயற்குழுவில் அப்போது ஓர் இந்திய மாணவர் இருந்தார். பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி! குடும்பக் கட்டுப்பாட்டை ஆதரித்த மருத்துவர் ஒருவரைச் சங்கத்திலிருந்து நீக்கவேண்டும் என்றார் ஹில்ஸ். ஹில்ஸின் ஒழுக்கக் கொள்கை காந்திக்கும் உடன்பாடுதான். ஆனாலும், அதற்காக ஒருவரைச் சங்கத்தை விட்டு விலக்குவது நியாயமில்லை என்று எழுதிக்கொண்டு போனார். எழுந்து படிக்க நா எழவில்லை, வேறொருவர்தாம் படித்தார். காந்தியின் பக்கம் தோற்றது. காந்தியடிகளே தமது ‘சத்திய சோதனை’யில் இதைச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் ஹேமர்ஸ் ஆட்டம் பார்க்கும்போது இந்தச் செய்தியை எடுத்து விடுங்கள். கொஞ்ச நேரமாவது உங்கள் பேச்சைக் கேட்பார்கள். கப்பல் பட்டறை 1912இல் மூடப்பட்டுவிட்டது.

மான்செஸ்டர் யுனைடெட் என்றதும் சிவப்புப் பிசாசுகள் என்பீர்கள். அது பிற்பாடு ஒட்டிய பெயர். 1934இல் பிரான்சுக்குப் போன சால்ஃபோர்ட் ரக்பிக் குழுவுக்கு அங்குள்ளவர்கள் வைத்ததை, 1960களில் மேட் பஸ்பி தம் குழுவுக்கு எடுத்துக்கொண்டார். மூலக் கதை வேறு. 1878இல் நியூட்டன் ஹீத் என்ற இடத்தில் ரயில் பெட்டி செய்யும் தொழிலாளர்கள் தொடங்கிய குழு அது. சட்டை பச்சையும் பொன்னிறமும். 1902இல் கடனில் மூழ்கி ஏலத்துக்குப் போகும் நிலையில் ஒரு மதுபான ஆலை முதலாளி கைகொடுக்க, பெயரும் சட்டையும் மாறின. நூறாண்டுக்குப் பிறகு, 2010இல், குழுவின் உரிமையாளர்கள்மீது கோபம்கொண்ட ரசிகர்கள் கொடி பிடிக்கவில்லை. பச்சையும் பொன்னிறமுமான துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு திடலுக்கு வந்தார்கள். நாங்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்ல அந்த இரண்டு நிறமே போதுமாக இருந்தது.

மற்ற ஊர்களுக்கு அதிக விளக்கம் வேண்டியதில்லை. சப்பாத்துத் தைத்த நார்தாம்டன் ‘கோப்ளர்ஸ்’. சேணம் தைத்த வால்சால் ‘சாட்லர்ஸ்’. பீங்கான் சுட்ட ஸ்டோக் ‘பாட்டர்ஸ்’. வைக்கோல் தொப்பி செய்த லூட்டன் ‘ஹாட்டர்ஸ்’. அந்தத் தொப்பிகளைத் தைத்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. நார்விச் குழுவை ‘கெனரீஸ்’ என்பது அவர்களின் மஞ்சள் சட்டைக்காக என்று நினைப்போம்; நடந்தது தலைகீழ். 16ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து பிழைக்க வந்த நெசவாளர்கள் கெனரிப் பறவைகளைக் கொண்டுவந்தார்கள். பாடும் பறவை தறியடியில் துணையாக இருந்தது. ஊரே அதை வளர்த்தது. பறவையின் பெயர் ஒட்டிய பிறகே, 1907இல் சட்டை மஞ்சளானது.

லிவர்பூல் நகரின் எவர்ட்டன் குழு ‘டாஃபீஸ்’ ஆனது மிட்டாய்க் கடையால். குழு 1892இல் வேறு திடலுக்கு மாறியதும் பழைய கடைக்கார அம்மாவுக்கு வியாபாரம் படுத்துவிட்டதாம். புதுத் திடலின் அருகே வேறொரு கடைக்கு யோகம் அடித்தது. பழைய அம்மா விடவில்லை. தம் பேத்தியை அழகாக உடுத்தித் திடலுக்குள் அனுப்பி, கூட்டத்துக்கு மிட்டாய் வீச வைத்தார் என்பது ஊர்க்கதை. ஆட்டத்துக்கு முன் ஒரு பெண் மிட்டாய் வீசுவது அதிலிருந்து வழக்கமாயிற்று.

பெயரைத் தொலைத்த ஊரும் உண்டு. ரெடிங் நகரில் ஹண்ட்லி அண்ட் பாமர்ஸ் பிஸ்கட் ஆலை இருந்தது; அதன் தகர டப்பாக்கள் கப்பலேறி உலகமெல்லாம் போயின. குழுவுக்குப் பெயர் ‘பிஸ்கட்மென்’. 1976இல் அங்கே பிஸ்கட் சுடுவது நின்றது. ஆலை போனதும் பெயரும் போய், ‘ராயல்ஸ்’ வந்தது. அரச மாவட்டத்து ஊர் என்ற பெருமையாம்! எங்களுக்கென்னவோ பிஸ்கட்டே மேல் என்று தோன்றுகிறது. நம் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, ஆனாலும் கல்யாண வீட்டில் ஒருவரைப் பார்த்தால் “நீங்கள் எந்தத் தோட்டம்?” என்றுதானே இன்னும் கேட்கிறோம்?

வடகிழக்கில் சண்டர்லேண்ட் என்ற நகரம். 1997இல் குழு தன் பழைய ரோக்கர் பார்க் திடலை விட்டு வெளியேறியது. ரோக்கரைச் சொல்லி அழைத்த பழைய பெயர்கள் பொருந்தாமல் போக, 2000இல் ரசிகர்களே வாக்களித்து ‘பிளாக் கேட்ஸ்’, கறுப்புப் பூனைகள், என்று தேர்ந்தெடுத்தார்கள். பெயரில் தொழில் இல்லை. ஆனால் புதுத் திடல் எங்கே கட்டப்பட்டது தெரியுமா? 1993இல் மூடப்பட்ட மாங்க்வேர்மவுத் நிலக்கரிச் சுரங்கத்தின் மேலே. இருட்டில் இறங்கிய சுரங்கத் தொழிலாளி கையில் கொண்டுபோன டேவி விளக்கின் நினைவாக அதற்கு ‘ஒளித் திடல்’ என்று பெயர் வைத்தார்கள். வாசலில் அந்த விளக்கையே பெரிதாகச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள்.