கடலை விட்டு உயர்ந்த கரை

ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள சிறு தீவு ஆரன். கரையோரமாகச் சுமார் 100 கிலோமீட்டர் நடந்தால் தீவையே சுற்றிவிடலாம். பாதையின் பெரும்பகுதி சமதளம். ஏன் தெரியுமா? அது பழைய கடற்கரை!

பனியுகத்தில் கனத்த பனிப்பாளம் நிலத்தை அழுத்திவைத்திருந்தது. பனி உருகியதும் பாரம் நீங்கிய நிலம் மெல்ல மேலெழுந்தது. அன்று அலை மோதிய கரையும் அதனுடன் சில மீட்டர் உயர்ந்தது. அலைகள் குடைந்த குகைகள் இன்று கடலுக்கு எட்டாமல் நிற்கின்றன.

வடக்கே லாக்ரான்சா ஊரருகே சற்று நில்லுங்கள். 1787ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹட்டன் என்ற நிலவியல் அறிஞர் இங்கு வந்தார். ஒரு பக்கம் சாய்ந்த பழைய பாறைமீது, எதிர்ப்பக்கம் சாய்ந்த மணற்கல் அடுக்குகளைக் கண்டார். அடிப்பாறை உருவாகி, மடிந்து, உயர்ந்து, தேய்ந்த பிறகே மேலடுக்கு படிந்திருக்க முடியும். பூமியின் வயது சுமார் 6,000 ஆண்டுகளே என்று பலரும் நம்பிய காலம் அது. இத்தனை மாற்றங்களுக்கு அது போதுமா? அடுத்த ஆண்டே சிக்கர் முனையில் இன்னும் தெளிவான சான்று அவருக்குக் கிடைத்தது. ஆரனின் அவ்விரு பாறைகளுக்கும் இடையே பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி உண்டென்று இன்று அறிவோம்.

உங்கள் ஊர் ஓடைக்கரையையும் உற்றுப் பாருங்கள். அடுக்குகள் தெரிகின்றனவா? எது முந்தியது, எது பிந்தியது?