நான்கு மணிப் பயணம், நாள் முழுக்கத் தவிப்பு

வளைகுடா வேலைக்காரர்களின் குடும்பங்களுக்கு விமானத் தாமதம் வெறும் அசௌகரியம் அல்ல. சில நேரம் அது கடைசியாக முகம் பார்க்கும் வாய்ப்பையே பறித்துவிடுகிறது.

குன்னத்துகாலில் நள்ளிரவு தாண்டியும் ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தால் அக்கம்பக்கத்தார் காரணம் கேட்பதில்லை. யாரோ வளைகுடாவுக்குப் புறப்படுகிறார்கள், அல்லது அங்கிருந்து வருகிறார்கள். புறப்படுகிறவர் என்றால் கூடத்தில் பெட்டி திறந்து கிடக்கும். ஏத்தங்காய் உப்பேரி, முந்திரிக்கொத்து, ஊறுகாய் பாட்டில் எல்லாம் உள்ளே போகும். எடை கூடிவிட்டால் பாதி வெளியே வரும். அம்மா முகம் வாடும்.

நெய்யாற்றின்கரை தாலுகாவின் இந்த எல்லைப்புறத்தில் மலையாளமும் தமிழும் ஒரே திண்ணையில் புழங்குகின்றன. 1956ல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. ஆனால் இரு பக்கத்துக்கும் விமான நிலையம் ஒன்றுதான்: திருவனந்தபுரம். மார்த்தாண்டத்துக்காரரும் குன்னத்துகால்காரரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

சோதனை சாலையிலேயே தொடங்கிவிடுகிறது. நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலை நம்ப முடியாது. விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்ச் சேர வேண்டும். அதனால் வீட்டிலிருந்து இன்னும் இரண்டு மணி நேரம் முன்பே கிளம்பிவிடுகிறார்கள். வளைகுடாவுக்குப் பறக்கும் நேரம் நான்கு மணிதான். ஆனால் வாசலில் விடைபெற்று, அங்கே தங்கும் அறையின் கதவைத் திறக்கும்போது ஒரு முழு நாளே கழிந்திருக்கும்.

<b>சுவாமியும் காத்திருக்க வைப்பார்</b>

சில தாமதங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். பத்மநாப சுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம் ஆண்டுக்கு இரு முறை, பங்குனி, ஐப்பசி திருவிழாக்களின்போது, ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. அன்று விமான நிலையம் சில மணி நேரம் மூடப்படும். அட்டவணை முன்பே மாற்றி அறிவிக்கப்படுவதால் யாரும் முணுமுணுப்பதில்லை. பயணிகளைப் பயமுறுத்துவது அறிவிப்பில்லாமல் வரும் தாமதம்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொச்சி விமான நிலையம் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. 2024 ஏப்ரல் 16ல் துபாயில் கொட்டிய மழை, அங்கு பதிவேடுகள் தொடங்கிய 75 ஆண்டுகளில் காணாதது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. கோவிட் காலத்தில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வழக்கமான சர்வதேச சேவை முழுமையாகத் திரும்பியது 2022 மார்ச் 27ல்தான். இடையில் 2020 மே 7 முதல் வந்தே பாரத் விமானங்கள் இயக்கப்பட்டன. மூத்தவர்களின் நினைவு இன்னும் பின்னால் போகும். 1990ல் குவைத்தை இராக் பிடித்தபோது சுமார் 1.7 லட்சம் இந்தியர்கள் மீட்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பாலைவனம் கடந்து ஜோர்டானின் அம்மானுக்கு வந்து விமானம் ஏறியவர்கள்.

<b>தாமதத்தின் விலை</b>

2024 மே மாதம் நடந்தது இந்தப் பகுதி வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமான ஊழியர்கள் பலர் ஒரே நேரத்தில் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுக்க, ஏராளமான விமானங்கள் ரத்தாயின. 2005 ஏப்ரல் 29ல் தன் முதல் விமானத்தை இதே திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்கு இயக்கிய நிறுவனம் அது. மஸ்கட்டில் மருத்துவமனையில் கிடந்த கணவரைப் பார்க்கப் புறப்பட்ட திருவனந்தபுரம் பெண் ஒருவர் விமான நிலையத்திலிருந்து திரும்பி வர நேர்ந்தது. அடுத்த சில நாட்களில் கணவர் இறந்துபோனார். அவர் கடைசிவரை கணவரைச் சந்திக்கவே இல்லை.

எதிர்த்திசையிலும் இதே தவிப்பு உண்டு. ஊரில் அப்பா இறந்துவிட்டார் என்று நள்ளிரவில் போன் வரும். முதலாளியிடம் விடுப்பு, சவூதியில் என்றால் வெளியேறித் திரும்புவதற்கான விசா, கடைசி நேர டிக்கெட் என மூன்றும் ஒன்றுசேர வேண்டும். ஓணமோ, கிறிஸ்துமஸோ, பள்ளி விடுமுறையோ குறுக்கிட்டால் கட்டணம் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். இங்கே குளிர்பெட்டியில் உடல் காத்திருக்கும். பந்தலில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "மகன் எங்கே எத்தியிருக்கான்?"

2023ன் கேரள புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் வாழும் கேரளத்தவர் சுமார் 22 லட்சம் என்கிறது. அத்தனை குடும்பங்களுக்கும் இந்தக் கேள்வி என்றாவது ஒரு நாள் வரக்கூடும்.

<b>கேட்டால் கிடைக்கும்</b>

பயணிகளில் பலருக்குத் தங்கள் உரிமை தெரியாது. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிப்படி, இரண்டரை முதல் ஐந்து மணி நேரம் பறக்கும் விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகும் என்றால் காத்திருப்பவர்களுக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் தங்குமிடம்.

முன்னறிவிப்பின்றி ரத்தானால் இழப்பீடும் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இதில் எது குறைவோ அது. ஆனால் இங்கேதான் ஓட்டை. இயற்கைச் சீற்றம், கலவரம், அரசு உத்தரவு என நிறுவனத்தின் கைமீறிய காரணங்களுக்கு இழப்பீடு இல்லை. வேலைநிறுத்தமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

எனவே விவரமறிந்த பயணிகள் போர்டிங் பாஸ், குறுஞ்செய்தி, செலவு ரசீது எதையும் தூக்கி எறிவதில்லை. தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குகிறார்கள். நிறுவனம் கைவிரித்தால் மத்திய அரசின் ஏர்சேவா தளம் உண்டு. அதற்கும் மேலே நுகர்வோர் நீதிமன்றம்.

உணவுப் பொட்டலமும் ஓட்டல் அறையும் விதிப்படி கிடைத்துவிடலாம். ஆனால் முப்பது நாள் விடுப்பில் ஒரு நாள் விமான நிலைய நாற்காலியிலேயே போனால் அதைத் திருப்பித் தர எந்த விதியும் இல்லை. குன்னத்துகால் வீட்டில் அம்மா சோற்றை இரண்டாம் முறை சூடாக்கி வைத்துவிட்டு, விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.