எதிர்ப்பில்லாத் தேர்தல்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 வளைவுகள் சுற்றிக் கொல்லிமலை ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் அறப்பளீசுவரரைத் தரிசித்து, ஆகாய கங்கையில் நீராடித் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கோயில் இருப்பது வளப்பூர் நாட்டில். அங்கே பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன. அவற்றின் நிர்வாகத்தில் ஊராருக்குப் பங்கும் இருக்கிறது.

அந்தப் பங்கு சிறிதன்று. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, சர்க்கார் பள்ளியின் கமிட்டியில் நூற்றுக்கு 75 பேராவது பெற்றோராகவோ காப்பாளராகவோ இருக்கவேண்டும். அங்கத்தினரில் பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் அபிவிருத்தித் திட்டத்தை வகுப்பதும், வந்த பணம் செலவான விதத்தைக் கவனிப்பதும் அவர்கள் பொறுப்பு. தமிழ்நாட்டில் 2022-இல் 20 பேர் கொண்டதாகத் திருத்தியமைக்கப்பட்ட இக்கமிட்டியில், 2024-இல் பழைய மாணவர்களும் சேர்ந்து 24 பேர் ஆயினர்.

இத்தகைய கமிட்டிகளுக்கு ஆள் எடுக்கும் விதம் நேயர்கள் அறிந்ததே. ஒருவர் ஒரு பெயரைச் சொல்லுவார், மறு பெயர் எழாது, கை தட்டுவார்கள், தேர்தல் முடிந்தது! மலைக்கு இது புதிதன்று. மலையாளிகள் எனப்படும் அப்பழங்குடியினர் (கேரளத்தார் அல்லர்) ஊர்க் கவுண்டர் முன்னிலையில் கூடிப் பேசி ஒருமுகமாக முடிவு செய்யும் வழக்கமுடையவர்கள். அதைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. சிற்றூரில் இருவர் போட்டியிட்டு, இரண்டு குடும்பங்கள் பல வருஷம் முகங்கொடாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆனால் ஏகமனது வேறு, ஆளில்லாமை வேறு. 2019 டிசம்பரில் நாமக்கல் உள்பட 27 ஜில்லாக்களில் நடந்த ஊரகத் தேர்தலில், கிராம வார்டு அங்கத்தினர் பதவிகள் 76,746-இல் 18,137 போட்டியின்றியே நிரம்பின. அவற்றில் ஒற்றுமையால் நிரம்பியவை எத்தனை, அச்சத்தாலும் அசட்டையாலும் நிரம்பியவை எத்தனை என்று அந்த எண் சொல்லாது. மதுரை ஜில்லாவில் ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை அபேட்சகராக நிற்கவே அஞ்சினார்கள். நின்று வென்றவரும் உடனே ராஜினாமாச் செய்தார்கள். அங்கே நிலவிய மௌனத்தைச் சம்மதம் என்று யார் சொல்லத் துணிவார்?

மலையில் வாயை அடைப்பது பெரும்பாலும் வேலைதான். மிளகு பறிக்கும் பருவத்தில் பகற்கூட்டத்துக்கு வந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. ஒற்றையடிப் பாதையில் ஏறி இறங்கவும் வேண்டும். ஆகவே பள்ளிக்கு அருகில் வீடுள்ளவரும், முன்பே கையெழுத்திட்டுப் பழகியவரும் மறுபடி அங்கத்தினராகிவிடுகிறார்கள். அவர்கள் மீது குற்றமில்லை. தூரத்துக் குடிசையிலிருந்து பிள்ளையை அனுப்பும் தாயின் குறை மட்டும் கூட்டத்துக்கு எட்டுவதில்லை.

கூட்டத்தை மாலையில் வைக்கலாம். பெயர்களைக் கேட்குமுன் சென்ற வருஷத்துக் கணக்கை உரக்கப் படிக்கலாம். "கூரைக்கென்று வந்த பணம் என்னவாயிற்று?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு தாய் கேட்டால், அந்த அம்மாளின் பெயரையும் எழுதிக்கொள்ளட்டும்.