பேரப்பிள்ளையோடு விளையாடக் காசு வேண்டாம்

வீட்டில் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கு

மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நீங்களும் பேரப்பிள்ளையும் மட்டும். சமைக்க வேண்டும், துணி காயப்போட வேண்டும், பிள்ளைக்குச் சோறு ஊட்ட வேண்டும். பிள்ளையோ வாயைத் திறக்க மறுக்கிறது. கைப்பேசியில் ஒரு பாட்டைப் போட்டுக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் கிண்ணம் காலி. பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கைப்பேசி செய்யும் வேலையை நீங்கள் அதைவிட நன்றாகச் செய்ய முடியும், அதற்குச் செலவும் இல்லை என்று சொல்லவே எழுதுகிறோம்.

முதலில் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். 18 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்பது சுகாதார அமைச்சின் ஆலோசனை. வெளியூரில் இருக்கும் சொந்தக்காரரோடு காணொளி அழைப்பில் பேசுவது பரவாயில்லை. 18 மாதம் முதல் 6 வயது வரை, பள்ளியில் பார்ப்பது போக, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்திற்கும் குறைவாக இருக்க வேண்டும். சாப்பிடும்போதும், தூங்குவதற்கு முந்திய ஒரு மணி நேரத்திலும் வேண்டாம். பிள்ளை பார்க்காவிட்டாலும் பின்னணியில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருப்பதும் நல்லதல்ல. நீங்கள் விரும்பிப் பார்க்கும் தொடரைப் பிள்ளை தூங்கும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? கைப்பேசி பேசும், ஆனால் பிள்ளை பேசினால் கேட்காது. குழந்தை "ம்மா" என்றால் நீங்கள் திரும்பிப் பார்க்கிறீர்கள், சிரிக்கிறீர்கள், பதில் சொல்கிறீர்கள். குழந்தை மறுபடியும் ஏதோ சொல்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் பேச்சு வளர்கிறது. திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் பிள்ளைக்கு வயிறு நிறைந்ததுகூடத் தெரிவதில்லை.

தயங்காமல் தமிழில் பேசுங்கள்

"எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது, நான் என்ன சொல்லிக்கொடுப்பது?" என்று கேட்கும் மூத்தோர் பலர். பள்ளியில் ஆங்கிலம் என்பதால் வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளை குழம்பிவிடும் என்ற பயமும் உண்டு. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாவதில்லை. தெரியாத மொழியில் நான்கு சொற்களை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட, நன்றாகத் தெரிந்த மொழியில் நாள் முழுவதும் பேசுவதே மேல். பாலர் பள்ளியில் ஆங்கிலம் எப்படியும் வந்துவிடும். சமையலறையில் புழங்கும் தமிழ் உங்களிடமிருந்துதான் வர வேண்டும். கரண்டி, அகப்பை, தாளிப்பு, பிசைதல் போன்ற சொற்களைப் பிள்ளை வேறு எங்கே கேட்கும்?

விளையாட்டுச் சாமான் வீட்டிலேயே இருக்கிறது

கைக்குழந்தைக்கு உங்கள் கை போதும். உள்ளங்கையில் சோறு பிசைவதுபோல் காட்டி, விரல் விரலாக மடக்கி வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் பங்கு கொடுத்து, கடைசியில் நண்டு ஊர்வதுபோல் அக்குள் வரை விரலை ஓட்டும் விளையாட்டு உங்களுக்குத் தெரியும். உங்களுக்கும் யாரோ செய்து காட்டியதுதான். அடுத்து என்ன வரும் என்று குழந்தை மூச்சை அடக்கிக் காத்திருக்கும். அப்படிக் காத்திருப்பதும் ஒரு பாடம்.

நடக்கத் தொடங்கிய பிள்ளைக்குத் துவைத்த துணிக் கூடையைக் கொடுங்கள். காலுறைக்கு ஜோடி தேடட்டும். அப்பா சட்டை எது, தம்பி சட்டை எது என்று பிரிக்கட்டும். பெரியது, சிறியது, நீலம், சிவப்பு எல்லாம் இதிலேயே அடங்கிவிடும். வேலை இரண்டு மடங்கு நேரம் எடுக்கும்தான். ஆனால் அந்த நேரம் பிள்ளை உங்கள் பக்கத்திலேயே இருக்கும். இரண்டு காலுறைகளைச் சுருட்டினால் பந்து. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதை உருட்டிவிடலாம், வாளிக்குள் எறியச் சொல்லலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் தரையில் உட்கார்ந்து எழ வேண்டியதில்லை.

மூன்று வயதுக்கு மேல் ஒரு தட்டில் கொஞ்சம் அரிசி மாவைப் பரப்பி, விரலால் புள்ளி வைத்துக் கோலம் போடக் காட்டுங்கள். நடுவில் ஐந்து புள்ளி, மேலும் கீழும் மூன்று, பிறகு ஒன்று. பிள்ளை எண்ணிக்கொண்டே வைக்கும். பிடிக்கவில்லையென்றால் தட்டை ஆட்டினால் போதும், எல்லாம் அழிந்துவிடும். பிறகு மாவைக் கொட்டிவிடுங்கள், சமையலுக்கு வேண்டாம். பழைய தமிழ் முரசு நாளிதழும் உதவும். பெரிய தலைப்புகளில் "அ" எங்கே இருக்கிறது என்று தேடி வட்டமிடச் சொல்லுங்கள். முடிந்ததும் அதே தாளில் கப்பல் செய்து கொடுங்கள்.

நான்கைந்து வயதானால் பல்லாங்குழி. மரப்பலகை தேட வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் ஐஸ் கட்டி போடும் பிளாஸ்டிக் தட்டை எடுத்துப் பாருங்கள். பலவற்றில் இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி இருக்கும். பல்லாங்குழிக்கும் அதே 14 குழிதான். புளியங்கொட்டை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் காய்ந்த மொச்சை. முதல் வாரம் ஒரு குழிக்கு ஒரு கொட்டையாகப் போட்டு எண்ண மட்டும் விடுங்கள். பழகிய பிறகு, ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது "பசு", குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம் என்ற விதியைச் சொல்லுங்கள். மூன்று இருக்கிறது, இன்னும் ஒன்று விழுந்தால் பசு என்று பிள்ளை தானாகவே கணக்குப் போடும். முட்டை அடுக்கும் அட்டையை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பச்சை முட்டையின் கிருமி அதில் ஒட்டியிருக்கலாம்.

பழைய சேலைத் துண்டில் பச்சைப்பயறு நிரப்பி முக்கோணமாகத் தைத்தால் அஞ்சாங்கல் ஐந்தும் தயார். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு அது சரியாக இருக்கும். மலாய், சீன நண்பர்களும் இதே விளையாட்டை ஆடுவதால் புளோக்கின் கீழ்த்தளத்தில் துணைக்கு ஆள் கிடைக்கும். நொண்டி ஆடுவதையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். கீழ்வீட்டுக்காரர் பாவம்.

மதியத் தூக்கத்திற்கு முன் கதை. நரிக் கதை மறந்துபோயிருந்தால் உங்கள் கதையைச் சொல்லுங்கள். செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள், கம்பத்து வீட்டில் மழைக்கு வாளி வைத்தவர்கள், பால்காரர் மாட்டோடு வந்ததைப் பார்த்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். நடுவில் நிறுத்தி, "அப்புறம் என்ன ஆகியிருக்கும்?" என்று கேளுங்கள். பிள்ளை தப்பாகச் சொன்னாலும் அந்த வழியே கதையைக் கொண்டுபோங்கள். படிக்க வராதவர்களும் படப்புத்தகத்தைப் பார்த்துக் கதை சொல்லலாம். பொது நூலகங்களில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் உண்டு. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அடிப்படை உறுப்பியம் இலவசம்.

வெயில் தாழ்ந்ததும் கீழே அழைத்துப் போங்கள். பகல் வெளிச்சத்தில் வெளியே இருப்பது கிட்டப்பார்வையைத் தள்ளிப்போட உதவும். ஈரச்சந்தைக்குப் போனால் முருங்கைக்காயைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். மின்தூக்கியில் மாடி எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டியவை

புளியங்கொட்டை, மொச்சை, பொத்தான் எதையும் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். கழிவறைத் தாள் சுருளின் நடுவில் உள்ள அட்டைக் குழலுக்குள் ஒரு பொருள் நுழைந்தால், அது பிள்ளையின் தொண்டையையும் அடைக்கக்கூடும். அண்ணன் அக்காள் ஆடி முடித்ததும் கொட்டைகளை எண்ணி மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

உங்கள் மாத்திரைகளில் மிகுந்த கவனம் தேவை. இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் நீங்கள் சாப்பிடும் சிறு மாத்திரை பிள்ளையின் கண்ணுக்கு மிட்டாய்தான். ஒன்று இரண்டு விழுங்கினாலே ஆபத்து. மாத்திரைப் பெட்டியை மேசையில் வைக்காமல் உயரமான அலமாரியில் பூட்டி வையுங்கள். தொலைக்காட்சி ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் வட்டமான பொத்தான் பேட்டரியும் அப்படித்தான். விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும். பிள்ளை இவற்றில் எதையாவது விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே கொண்டுபோங்கள். மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ 995-ஐ அழையுங்கள்.

வாளித் தண்ணீரில் கப்பல் விடும்போது பிள்ளையை விட்டு ஒரு நிமிடம்கூட நகராதீர்கள், தொலைபேசி அடித்தாலும் சரி. ஆடி முடித்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு வாளியைக் கவிழ்த்து வையுங்கள். ஏடிஸ் கொசுவுக்குக் கொஞ்சம் தண்ணீர் தேங்கினாலே போதும். சன்னல் பக்கம் நாற்காலியோ பெட்டியோ போடாதீர்கள்.

நாள் முழுவதும் கூட இருப்பதால் சில விஷயங்கள் பெற்றோருக்கு முன்பே உங்கள் கண்ணில் படும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, இரண்டு வயதாகியும் "பாட்டி வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால், "இவன் அப்பாவும் இப்படித்தான் மெதுவாகப் பேசினான்" என்று தள்ளிப்போட வேண்டாம். பிறந்தபோது மருத்துவமனையில் கொடுத்த பிள்ளையின் சுகாதாரக் கையேட்டில் வயதுவாரியான வளர்ச்சிப் பட்டியல் இருக்கிறது. மகனோடோ மகளோடோ உட்கார்ந்து அதைப் பாருங்கள். அடுத்த தடுப்பூசிக்குப் பலதுறை மருந்தகம் போகும்போது நீங்களும் கூடப் போய், பார்த்ததை மருத்துவரிடம் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.