எழுதாக் கணக்கும் இத்தாலியக் காரும்

"எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது" என்பது நம் முன்னோர் வாக்கு. கொடுக்கல் வாங்கலுக்காகச் சொல்லப்பட்ட இப்பழமொழி மோட்டார் காருக்கும் பொருந்துமென்பதை, மட்டக்களப்பு வாவிக் கரையிலே அண்மையில் நாம் அறிய நேர்ந்தது.

கல்லடியில் வாவியை நோக்கிய ஒரு வளவுக்குச் சென்றிருந்தோம். தென்னங்கிடுகு வேய்ந்த கொட்டிலின் கீழே பழைய பியட் 1100 கார் ஒன்று நின்றது. சக்கரங்கள் நான்கும் கழற்றப்பட்டு, கற்களின் மீது ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. வாவியிலிருந்தும் கடலிலிருந்தும் மாறி மாறி வீசும் உப்புக் காற்று கதவுகளின் அடிப்பாகத்தை அரித்துவிட்டது. பின்னாசனத்தில் கோழி ஒன்று அடை காத்துக்கொண்டிருந்தது. ஆயினும், இத்தாலி தேசத்துத் தொழிலாளர் வளைத்த அந்தத் தகட்டின் அழகு முற்றாக மறைந்துவிடவில்லை.

கார் தமது தந்தையாருடையது என்றார் வீட்டு மூதாட்டியார். இது காலவரை பழைய இரும்பு வாங்குவோரே விலை கேட்டு வந்தனராம். சென்ற மாதம் வந்தவரோ இரும்பாக அன்றி, காராகவே கேட்டாராம். "விற்கவும் மனமில்லை, வைத்திருக்கவும் வழியில்லை. விற்பதென்றாலும் எதைக் காட்டி விற்கிறது? புத்தகம் புயலோட போயிற்று, மகன். கார் மட்டும் நின்றது," என்றார் அவர்.

புயல் என்றது 1978-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை. புத்தகம் என்றது காரின் பதிவுப் புத்தகத்தை.

பந்தயக் குதிரையின் உறவு

பியட் 1100 குடும்பத்தார் ஏறிச்செல்லும் சாதாரண வண்டி. பந்தயக் கார் அன்று. ஆயினும் உலகப் பிரசித்தி பெற்ற பெராரி பந்தயக் காருக்கும் இதற்கும் ஓர் உறவு உண்டென்றால் வாசகர் வியப்படையக்கூடும்.

என்சோ பெராரி என்பார் அல்பா ரோமியோ கம்பெனியின் பந்தயக் குழுவை நெடுங்காலம் நடாத்தியவர். 1939-இல் அவர் அங்கிருந்து விலகியபோது, நான்கு ஆண்டுகளுக்குத் தம் பெயரைப் பந்தயக் காருக்குச் சூட்டலாகாதென்ற நிபந்தனை அவர்மீது இருந்தது. எனவே 1940-இல் அவர் ஆக்கிய முதற் கார் "815" என்னும் வெறும் எண்ணையே பெயராகக் கொண்டு பந்தயத்துக்கு வந்தது. அக்காருக்கு அடிப்படையாயிருந்தவை அந்நாளைய பியட் 1100 வண்டியின் உறுப்புக்களே. இரண்டு கார்கள் மாத்திரமே ஆக்கப்பட்டன. பிரெசியா நகரத்தில் நடந்த பந்தயத்தில் இரண்டும் முன்னணியில் ஓடி, இரண்டும் இடைவழியில் நின்றுவிட்டன. இவற்றுள் ஒன்றைச் செலுத்திய அல்பெர்ட்டோ அஸ்காரி பிற்காலத்தில் இரு முறை உலக வாகையர் ஆனார். பெராரியின் பெயர் தாங்கிய முதற் கார் வெளிவந்தது 1947-இலேதான். 1969-இல் பெராரி கம்பெனியின் சரிபாதிப் பங்கைப் பியட் கம்பெனியே வாங்கிக்கொண்டது.

கல்லடிக் கொட்டிலில் நிற்கும் கார் 1953-இல் புதிய உருவில் வெளிவந்த 1100 வகையைச் சேர்ந்தது. எனினும் வம்சம் ஒன்றே.

ஒரு காருக்கு இரு சொந்தக்காரர்

புத்தகம் இல்லாத காரின் கதி யாது? இதற்கு விடையாக, கடல் கடந்த பெராரி ஒன்றின் கதையைக் கூறுவோம்.

1954-இல் பெராரி கம்பெனியார் ஏறக்குறைய ஐந்து லீற்றர் கொள்ளளவுள்ள பன்னிரண்டு சிலிண்டர் இயந்திரம் பூட்டி, "375 பிளஸ்" என்னும் பந்தயக் கார்களை மிகச் சிலவாக ஆக்கினர். அவ்வாண்டு பிரான்சில் நடந்த 24 மணி நேர லெ மான் பந்தயத்தில் வென்றது இவ்வகைக் காரே. இவற்றுள் ஒன்றின் அடிச்சட்டத்தில் பொறிக்கப்பட்ட இலக்கம் 0384 ஏ.எம். அக்காலத்தில் பெராரி கம்பெனியார் பந்தயக் கார்களுக்கு இரட்டை எண்களையும், தெருவில் ஓடும் கார்களுக்கு ஒற்றை எண்களையும் இடுவது வழக்கம். ஆகவே இலக்கத்தைக் கண்ட மாத்திரத்திலேயே காரின் குலத்தைச் சொல்லிவிடலாம்.

1954 மே மாதம் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டன் பந்தயக் களத்தில் ஆர்ஜென்டீனா வீரர் கொன்சாலெஸ் இக்காரைச் செலுத்தி வெற்றி கண்டார். பின்னர் இது அமெரிக்காவுக்குச் சென்று அங்கும் பந்தயங்களில் ஓடியது. புதிய கார்கள் வர, பழைய பந்தயக் காரின் மதிப்புக் குன்றியது. 1958-இல் ஓகையோ மாநிலத்தவர் ஒருவர் வெறும் 2,500 டொலருக்கு இதனை வாங்கித் தம் வளவில் வைத்திருந்தார். ஆண்டுகள் பல சென்றன. வெயிலும் மழையும் அதைப் பதம் பார்த்தன. 1980-களின் பிற்பகுதியில் கார் களவு போயிற்று. அத்லாந்தா நகர் வழியாகக் கடல் கடந்து பெல்ஜியம் சேர்ந்தது. அங்கே பழைய பந்தய வீரரும் பெராரி விற்பனையாளருமாகிய ஜாக் சுவாட்டர்ஸ் என்பவர் விலைகொடுத்து வாங்கிச் செப்பனிட்டார்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பமாயிற்று. ஓகையோ மாநிலத்து உரிமைப் பத்திரம் ஒருவர் பெயரில்; கார் மற்றொருவர் கையில். களவாடியவர் விட்டுச்சென்ற சில உதிரி உறுப்புக்கள் முதல்வரின் வீட்டில். அடிச்சட்டமோ இரண்டாமவரின் கராஜில். 1999-இல் 6,25,000 டொலருக்கு ஓர் இணக்கம் எழுதப்பட்டது. ஆனால் ஓகையோவில் இருந்தவர் அதனைத் தாம் ஏற்கவில்லை என்றார். வழக்கு நீடித்தது. முதலில் ஒருவரும் சில ஆண்டுகளின்பின் மற்றவருமாக இருவரும் காலமாயினர். வழக்கு மட்டும் காலமாகவில்லை. பிள்ளைகள் கைக்கு மாறியது.

2013-இல் ஒருவாறு உடன்பாடு கண்டு, காரை ஏலத்தில் விற்றுப் பணத்தைப் பங்கிடுவதெனத் தீர்மானித்தனர். 2014 ஜூன் 27-ஆந் திகதி இங்கிலாந்தின் குட்வுட்டில் பொன்ஹாம்ஸ் ஏலக் கம்பெனியார் கூறி விற்றபோது, அது ஒரு கோடியே ஏழு இலட்சத்து ஐம்பத்து மூவாயிரத்து ஐந்நூறு பவுண் விலைபோயிற்று. அத்துடன் முடிந்ததா? இல்லை. உரிமைபற்றிய வாதம் மீண்டும் எழ, விலைகொடுத்து வாங்கியவரும் நீதிமன்றம் ஏறவேண்டியதாயிற்று.

இத்தனை இடுக்கணுக்கும் நடுவே ஒரு விஷயத்தை இரும்பே சொல்லக்கூடியதாயிருந்தது. இது எந்தக் கார் என்பதே அவ்விஷயம். அடிச்சட்டத்தில் பொறித்த இலக்கம் அதை உறுதிசெய்தது. ஆனால் இது யாருடைய கார் என்பதை இரும்பு சொல்லாது. அதைக் கடதாசிதான் சொல்லவேண்டும். இரண்டும் ஒருங்கே இருந்தாலன்றிச் சொந்தம் நிலைக்காது.

கடதாசிக்கு எத்தனை பகை!

நம் பகுதியில் கடதாசிக்குப் பகை அதிகம். 1978-இன் சூறாவளி கூரைகளோடு பெட்டகங்களையும் கொண்டுபோயிற்று. யுத்த காலத்தில், சிறப்பாக 1990-இல், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் எத்தனையோ குடும்பங்கள் உடுத்த துணியோடு வீட்டைவிட்டு ஓடின. 2004 டிசம்பர் 26-இல் கடல் எழுந்து நாவலடியையும் கல்லடியின் கடற்புறத்தையும் வாரிச் சுருட்டியது. காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், கலியாணப் பதிவு யாவும் போன இடத்தில், காரின் புத்தகத்தைப்பற்றி எவர் நினைப்பார்?

ஆயினும் கடதாசி போனால் எல்லாம் போயிற்றென்று கைவிடுதல் கூடாது. அன்று அவ்வளவிலே நாம் செய்ததைக் கூறுவோம், பிறருக்கும் பயன்படலாம்.

முதலில் காரின் முன்மூடியைத் தூக்கினோம். மண்ணெண்ணெயில் நனைத்த சீலையால் இலக்கம் பொறித்த இடத்தை மெல்ல மெல்லத் துடைத்தோம். கம்பித் தூரிகையோ மணற்கடதாசியோ கொண்டு தேய்த்தால், துருவோடு இலக்கமும் போய்விடும். எழுத்து ஓரளவு தெரிந்ததும், மெல்லிய கடதாசியை அதன்மேல் வைத்துப் பென்சிலால் உரசினோம். கண்ணுக்குப் புலப்படாதிருந்த இரண்டு எண்களும் கடதாசியில் வெள்ளையாக எழுந்தன. இயந்திர இலக்கத்தையும் அவ்வாறே எடுத்தோம்.

பதிவு இலக்கந்தான் கிடைக்கவில்லை. இலக்கத் தகடு எப்போதோ துருவேறி விழுந்துவிட்டது. மூதாட்டியாருக்கும் நினைவில்லை. "தங்கச்சியிடம் என் கலியாணப் படம் இருக்கிறது, அதில் கார் நிற்கும்," என்றார். புளியந்தீவிலிருந்து அன்று பின்னேரமே படம் வந்துசேர்ந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முந்திய படம். மாலையணிந்த மணமக்களின் பின்னே, பூச்சரம் சுற்றிய பியட் கார். சரத்தின் கீழே ஆங்கில எழுத்திரண்டும் நான்கு எண்களும் தெளிவாகத் தெரிந்தன. 1957-இல் இலக்கத் தகடுகளில் சிங்கள "ஸ்ரீ" புகுத்தப்பட்டதும், அதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியார் இயக்கம் நடாத்தியதும் வாசகர் அறிந்ததே. இத்தகட்டில் அவ்வெழுத்து இல்லை. ஆகவே கார் அதற்கு முன்னரே பதியப்பட்டதென்பதைப் படமே சாட்சி சொல்லிற்று.

மூன்று இலக்கங்களையும் ஒரு கொப்பியில் எழுதினோம். தந்தையார் பெயர், அவர் காலமான ஆண்டு, புத்தகம் அழிந்த நாள், இப்போதுள்ள வாரிசுகளின் பெயர் ஆகியவற்றையும் மூதாட்டியார் சொல்லச் சொல்ல எழுதினோம். இவற்றைக் கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரிக்க ஒரு வழியாவது பிறந்தது.

கார் வைத்திருப்போருக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: பதிவுப் புத்தகத்தின் பிரதியொன்றை வேறூரில் வாழும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். தகப்பனார் காலமானால், பெயரை மாற்றுவதை அடுத்த தலைமுறைக்குத் தள்ளாதீர்கள். விலை கேட்டு வருபவர் எவ்வளவு நல்லவராயினும், எழுத்தின்றிக் காரை வளவைவிட்டு வெளியேற விடாதீர்கள். கோடி பெறும் பெராரிக்கும், கோழி அடை காக்கும் பியட்டுக்கும் நீதி ஒன்றே.

விடைபெறும் வேளையில், காரை விற்கத்தான் போகிறீர்களா என மூதாட்டியாரைக் கேட்டோம். அவர் படத்தை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "முதலில் அப்பாவுடைய கார்தான் என்று எழுத்தில் வரட்டும், மகன். விற்கிறதைப் பிறகு பார்ப்போம்," என்றார்.