ஓடித் திரிந்த நோயாளி எலி

ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு அருகில் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில், சில சுண்டெலிகளின் இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி அளவுக்கு மீறி இருந்தது. அது தசைக்குள் இருக்கவேண்டிய பொருள். இரத்தத்தில் அவ்வளவு கலந்திருந்தால், தசை எங்கோ சிதைகிறது என்று அர்த்தம். 1984-இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். எலிக்கு 'எம்டிஎக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். இதன் மரபணுவை யாரும் தொடவில்லை. கோளாறு தானாகவே வந்தது.

மனிதர்களிலும் இப்படி ஒரு நோய் உண்டு: டுஷேன் தசைச்சிதைவு. பெரும்பாலும் பையன்களுக்குத்தான் வரும். பழுதான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு, ஆண்களுக்கு ஒன்றுதான்; அது பழுதானால் மாற்று இல்லை. ஓடியாடிய குழந்தை மாடிப்படி ஏறத் திணறும். பலருக்குப் பன்னிரண்டு வயதுக்குள் சக்கர நாற்காலி தேவைப்படும். பிறகு மூச்சுக்கு உதவும் தசைகளும் இதயமும்கூடத் தளரும்.

அமெரிக்காவின் பாஸ்டனில் லூயிஸ் குங்கெல் குழுவினர் அந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அது தயாரிக்கும் புரதத்துக்கு 1987-இல் டிஸ்ட்ரோஃபின் என்று பெயரிட்டார்கள். பந்தல் துணியை மூங்கிலோடு கட்டும் கயிறு போன்றது அது. தசை நாரின் உள்ளே இருக்கும் இழைகளை வெளிச்சவ்வோடு சேர்த்துப் பிடிக்கிறது. அது இல்லையென்றால், தசை சுருங்கும்போதெல்லாம் சவ்வு கிழியும். எம்டிஎக்ஸ் எலியிலும் அந்தப் புரதம் இல்லை.

ஆனால் எலி ஜாலியாக ஓடிக்கொண்டிருந்தது! பிறந்து மூன்று நான்கு வாரத்தில் தசை சிதைகிறது, உடனே புதிதாக வளர்ந்துவிடுகிறது. அதே குறையால் மனிதக் குழந்தை நடை இழக்கும்போது எலி மட்டும் எப்படித் தப்பியது?

டிஸ்ட்ரோஃபினைப் போலவே இன்னொரு புரதம் இருக்கிறது, யூட்ரோஃபின். கரு வளரும்போது தசைச் சவ்வு முழுக்க அது இருக்கும். வளர்ந்தபின் நரம்பும் தசையும் சேரும் இடத்துக்கு ஒதுங்கிவிடும். எம்டிஎக்ஸ் எலியில் இதுதான் உதவிக்கு வருகிறதோ என்று சந்தேகம். சந்தேகத்தைச் சோதிக்க மரபணு மாற்றிய எலிகள் தேவைப்பட்டன.

ஆக்ஸ்ஃபோர்டில் கே டேவிஸ் குழுவினர், தசையில் யூட்ரோஃபின் கூடுதலாக உண்டாகும் எம்டிஎக்ஸ் எலிகளை உருவாக்கினார்கள். 1996-இல் முடிவு வெளியானது: தசைச் சிதைவு வெகுவாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு எதிர்ப்பக்கச் சோதனை. கருவின் குருத்தணுக்களில் (ஸ்டெம் செல்) யூட்ரோஃபின் மரபணுவை முடக்கி, அவற்றை இளங்கருவுக்குள் செலுத்தினார்கள். அப்படிப் பிறந்த எலிகளின் வம்சத்தை எம்டிஎக்ஸ் எலிகளோடு இணைத்து, இரண்டு புரதமும் இல்லாத எலிகளைப் பெற்றார்கள். அவற்றின் முதுகு வளைந்தது, உடல் மெலிந்தது, சில மாதங்களிலேயே இறந்தன. எலிகள் பட்ட பாட்டைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை அல்ல. சந்தேகம் உறுதியானதும் அவற்றால்தான். (மரபணுவை இப்படி முடக்கும் முறைக்காக கபெச்சி, எவன்ஸ், ஸ்மித்தீஸ் மூவரும் 2007-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.)

அப்படியென்றால் யூட்ரோஃபினைக் கூட்டும் மாத்திரை குழந்தைகளைக் காப்பாற்றுமே? எஸுட்ரோமிட் என்ற மருந்து எலிகளில் நன்றாக வேலை செய்தது. பையன்களிடம் சோதித்தபோது பலன் தெரியவில்லை; 2018-இல் கைவிட்டார்கள். டிஸ்ட்ரோஃபின் மரபணுவைச் சுருக்கி வைரஸ் வழியே தசைக்குள் அனுப்பும் இன்னொரு சிகிச்சையும் எலியில்தான் தொடங்கியது. அதற்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது எவ்வளவு பலன் தரும், எவ்வளவு ஆபத்தானது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.