வாசிக்காமலே அள்ளிச் செல்லும் எந்திரங்கள்

2002-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் ஒரு சோதனை நடத்தியது. எவருக்கும் தெரியாத 250 புதிய மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கி, இணையத்தில் 175 இடங்களில் போட்டுவைத்து ஆறு வாரம் காத்திருந்தார்கள். அரட்டை அறை ஒன்றில் போட்ட முகவரிக்கு முதல் குப்பை அஞ்சல் வந்து விழ எட்டே நிமிடம்தான் ஆனது. யூஸ்நெட் விவாதக் குழுக்களில் போட்ட முகவரிகளில் 86 சதவீதம் சிக்கிக்கொண்டன.

இந்த வேகத்துக்குக் காரணம், முகவரி பொறுக்குவது மனிதர்கள் அல்ல என்பதுதான். சில எழுத்துகள், நடுவில் ‘அட்’ குறி, பிறகு மேலும் சில எழுத்துகள், ஒரு புள்ளி. இந்த வடிவம் எங்கே தென்பட்டாலும் எடுத்துக்கொள் என்று ஒரு சிறு நிரலுக்குச் சொல்லிவிட்டால் போதும். நீங்கள் எழுதியது மருத்துவச் சந்தேகமா, சங்கீத விவாதமா என்று அது பார்ப்பதே இல்லை.

விவாதக் குழுக்கள் இவ்வளவு எளிதாக அகப்பட்டதற்கு அவற்றின் அமைப்பே வழிவிட்டது. யூஸ்நெட், 1979-இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரின் யோசனையில் பிறந்தது. அதில் ஒவ்வொரு பதிவின் தலைப்பகுதியிலும் அனுப்பியவர் பெயரும் முகவரியும் ஒரு வரியில் இருக்கும். படித்தவர் எழுதியவருக்குத் தனியாகப் பதில் போட வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வரி அது. ‘சோக்.கல்ச்சர்.தமிழ்’ குழுவில் எழுதிய தமிழர்களின் பதிவுகளும் அந்த வரியோடுதான் உலகம் சுற்றின. பின்னாளில் ‘எக்ஸ்ஓவர்’ என்றொரு கட்டளை வந்தது. குழுவின் சர்வரிடம் அதைக் கொடுத்தால், ஒரு பதிவைக்கூடத் திறக்காமல் ஆயிரக்கணக்கான பதிவுகளின் தலைப்பு, எழுதியவர், தேதி எல்லாம் பட்டியலாக வந்துவிடும். வாசகருக்கு உதவிய இந்த வசதி குப்பைக்காரர்களுக்கு இன்னும் அதிகமாக உதவியது. நச்சு நிரல் எழுதியவர்களும் சும்மா இருக்கவில்லை. 2003 செப்டம்பரில் பரவிய ‘ஸ்வென்’ என்ற புழு, விவாதக் குழுக்களில் இருந்தே முகவரிகளைத் திரட்டி, மைக்ரோசாஃப்ட் அனுப்பிய பாதுகாப்புத் திருத்தம் போல வேடமிட்டுத் தன்னையே அவற்றுக்கு அனுப்பியது.

யாருமே வாங்காத சரக்குக்கு எதற்கு இவ்வளவு உழைப்பு என்று கேட்கலாம். 2008-இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். ‘ஸ்டார்ம்’ என்ற குப்பை அஞ்சல் வலையமைப்புக்குள் ஊடுருவி, அது அனுப்பிய மருந்து விளம்பரங்களில் ஒரு பகுதியைத் தாங்கள் அமைத்த போலிக் கடைக்குத் திருப்பிவிட்டார்கள். யாரிடமும் பணம் வாங்கவில்லை. 26 நாளில் சுமார் 35 கோடி அஞ்சல்கள் போயின. மருந்து வாங்க முன்வந்தவர்கள் 28 பேர். கிட்டத்தட்ட ஒன்றேகால் கோடி அஞ்சலுக்கு ஒருவர்! அனுப்பும் செலவு கிட்டத்தட்ட இல்லை என்பதால், பிறரின் கணினிகளைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதுவே போதும். ஆகவே அவர்களுக்கு வேண்டியது நல்ல முகவரி அல்ல, நிறைய முகவரி. உங்களுடையது கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்வார்கள்.

தப்பிக்க முதலில் கண்டுபிடித்த வழி முகவரியைச் சிதைத்து எழுதுவது. ‘அட்’ குறிக்குப் பதிலாக அந்தச் சொல்லையே எழுதுவார்கள். புள்ளிக்குப் பதில் ‘டாட்’. வாஷிங்டனைச் சேர்ந்த ‘ஜனநாயகம், தொழில்நுட்பத்துக்கான மையம்’ 2003-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இணையப் பக்கங்களில் இப்படி மறைத்துப் போட்ட முகவரிகளுக்கு ஒரு குப்பைகூட வரவில்லை. ஆனால் அந்த அறிக்கைக்கு இருபது வயது தாண்டிவிட்டது. முகவரி பொறுக்கும் நிரலில் இன்னும் ஒரு வரி சேர்த்தால் போதும், அது அந்தச் சொற்களையும் பிடித்துவிடும். இன்று இதை மட்டுமே நம்பியிருப்பது சரியல்ல.

வேறு சிலர் முகவரியின் பின்பாதியை மாற்றி, வாய்க்கு வந்த ஒரு தளப் பெயரைப் போட்டார்கள். இது தவறான வேலை. அந்தப் பெயரில் உண்மையிலேயே யாராவது தளம் வைத்திருந்தால், உங்களுக்கு வர வேண்டிய குப்பை முழுவதும் அவர் வாசலில் கொட்டும். இதற்கென்றே 1999-இல் இணையத் தரநிலை ஒன்று, ‘டாட் இன்வேலிட்’ என்ற முடிவை எவருக்கும் வழங்காமல் ஒதுக்கி வைத்தது. பொய் முகவரி கட்டாயம் தேவையென்றால் அந்த முடிவைப் பயன்படுத்தலாம்.

எனக்கு இந்த ஒளிவுமறைவில் முழு உடன்பாடு இல்லை. ஊரறிய ஒருவர் கேள்வி கேட்பதும், விஷயம் தெரிந்த முன்பின் அறியாத ஒருவர் தனியாக நாலு வரி எழுதி உதவுவதும் இணையம் தந்த அருமையான பழக்கம். முகவரியைப் புதிராக்கினால் சிரமப்படுவது அந்த நல்லவர்தான். அதைவிட, பொது இடங்களுக்கென்றே தனி முகவரி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. குடும்பத்துக்கும் வங்கிக்கும் கொடுத்த முகவரியை அங்கே காட்டவே கூடாது. ஜிமெயிலில் பெயருக்குப் பின் கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்த்து எழுதினால், எந்த இடத்திலிருந்து குப்பை வந்தது என்று கண்டுபிடிக்கலாம். ஆனால் அந்த ஒட்டை வெட்டிவிட்டு மூல முகவரியை எடுப்பது கடினமல்ல. ஃபயர்ஃபாக்ஸ் ரிலே, ஆப்பிளின் முகவரி மறைப்புச் சேவை போன்றவை இன்னும் வலுவானவை. அவை தரும் மாற்று முகவரிக்கு வரும் கடிதம் உங்களிடம் வந்து சேரும். தொல்லை மிகுந்தால் அந்த ஒன்றை மட்டும் அணைத்துவிடலாம்.

பலரும் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. பதில் எழுதும்போது, ‘இன்னார் இந்தத் தேதியில் எழுதியது’ என்று மென்பொருளே மேலே ஒரு வரி சேர்க்கும். சில மென்பொருள்கள் அதில் முகவரியையும் போட்டுவிடும். ஒருவர் உங்களுக்குத் தனியாக எழுதியதைக் குழுவில் மேற்கோள் காட்டினால், அவர் மறைத்து வைத்த முகவரி உங்கள் கையால் வெளியாகிவிடும். அனுப்பும் முன் அந்த வரியையும், கீழே தானாக ஒட்டிக்கொள்ளும் கையொப்பத்தையும் ஒருமுறை பாருங்கள்.

பழைய பதிவுகள் அழிந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். 1995 முதல் யூஸ்நெட் பதிவுகளைச் சேமித்து வந்த டெஜா நிறுவனத்தின் களஞ்சியத்தை 2001-இல் கூகுள் வாங்கியது. 2024 பிப்ரவரி 22 முதல் புதிய பதிவுகளை ஏற்பதை நிறுத்திய பிறகும், பழையவற்றைத் தேடிப் படிக்க வழி வைத்திருக்கிறது. உங்கள் முகவரி ஏதாவது இணையப் பக்கத்தில் கிடந்தால், அதை நடத்துபவருக்கு எழுதி எடுக்கச் சொல்லுங்கள். அதே 2003 அறிக்கை சொன்ன ஆறுதலான செய்தி ஒன்று உண்டு: பக்கத்திலிருந்து முகவரியை நீக்கியதும், அதற்கு வந்துகொண்டிருந்த குப்பை வெகுவாகக் குறைந்தது.